தலைவரின் தொடைத் தசை

எங்கள் குடியிருப்பின் பெயர் சாத்விகா. நங்கநல்லூர்க்காரர்கள் அது மடிப்பாக்கம் என்பார்கள். மடிப்பாக்கத்துக்காரர்கள் அது நங்கநல்லூர் என்பார்கள். நாற்பத்தெட்டு வீடுகள். வாசலில் 'சைவம் மட்டும்' என்று பித்தளையில் பொறித்த பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில், 'வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி உண்டு'. அந்த நாய்கள் என்ன சாப்பிடுகின்றன என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

என் பெயர் பொய்யாமொழி. கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாடகை ஒப்பந்தத்தில் 'சைவம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அப்பா ஆசையாக வைத்த பெயருக்கு நான் செய்த பெரிய துரோகம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பல்லாவரத்தில் ஒரு மெஸ்ஸில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பல் துலக்கி, ஏலக்காய் மென்று, யோக்கியனைப் போல வீடு திரும்புவேன்.

அந்த ஞாயிறு என்னால் மெஸ்ஸுக்குப் போக முடியவில்லை. காலை பதினோரு மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். மூன்றாவது மாடியில் 3பி வீட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை வந்ததாகப் பதினேழு பேர் புகார் கொடுத்திருந்தார்கள். ஏழு தலைமுறையாக முட்டை உடைத்த சத்தம்கூடக் கேட்டிராத பரம்பரைக்கு, வந்தது ஆட்டுக்கறி வாசனைதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

3பியில் இருப்பவள் ஜெயசீலி. பாளையங்கோட்டைக்காரி, மருத்துவமனையில் நர்ஸ். கணவன் சரக்குக் கப்பலில் வேலை, வருடத்துக்குப் பத்து மாதம் கடலில். இவளுக்கு இப்போது ஏழாவது மாதம். இந்த வீடு கிடைப்பதற்கு முன் ஒன்பது வீட்டுக்காரர்கள் பெயரைக் கேட்டதும் 'இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்தோம்' என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு தட்டை மேஜையில் வைத்தாள். தட்டில் இருபது சின்ன பாட்டில்கள். "சார், இதுல ஆடே கிடையாது. மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும்தான். பச்சைப் புள்ளி போட்டிருக்குல்லா, பாருங்க. தொடுப்பான்ல செஞ்ச குழம்பு."

தொடுப்பான் சந்தைக்கு வந்து அப்போது நாலு வருடம். மிக்சியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. இந்த பாட்டில்களைச் செருகி, எந்தப் புரதம் வேண்டும் என்று சொன்னால் அதைத் தொடுத்துக் கொடுத்துவிடும். குடியிருப்போர் சங்கத் தலைவர் சிவகடாட்சம் பாட்டில்களைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேராசிரியரே, எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு வார்த்தையில சொல்லுங்க. இது ஆடா, ஆடு இல்லையா?"

"புரதம்ங்கறது ஒரு சங்கிலி, சார்," என்று ஆரம்பித்தேன். ஒரு வார்த்தையில் சொல்வது எங்கள் தொழிலில் பழக்கமில்லை. "கண்ணி மொத்தம் இருபது வகை. அமினோ அமிலம்னு பேரு. ஒரு கண்ணியோட வாலும் அடுத்ததோட தலையும் சேரும்போது ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டு போகும், ரெண்டும் ஒட்டிக்கும். எந்த வரிசையில கோக்கறோமோ அதுக்கேத்த மாதிரி சங்கிலி தானா சுருண்டுக்கும். ஒரு வரிசையில கோத்தா துவரம்பருப்பு. இன்னொரு வரிசையில முட்டை வெள்ளைக்கரு, தலைமுடி, பட்டு நூல், ஆட்டுத்தொடை. கண்ணி என்னவோ எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"துவரம்பருப்பும் ஆட்டுத்தொடையும் ஒண்ணுங்கறீங்களா?" பின்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணி ஒண்ணு. வரிசை வேற."

தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. பாலம் கட்டிய பொறியாளர். "அப்ப மாமிசம்ங்கறது கண்ணியில இருக்கா, வரிசையில இருக்கா?"

முப்பது வருட வகுப்பில் ஒரு மாணவன்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. 'இரண்டிலும் இல்லை சார், கத்தியில் இருக்கிறது. ஆடு சாகவில்லை, ஆகவே சைவம்' என்று சொல்லியிருந்தால் கூட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் 'உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?' என்று ஒருவர் கேட்டால் போதும், பல்லாவரம் வெளியே வந்துவிடும். "அது நாம எந்தக் கோணத்துல பார்க்கறோம்ங்கறதைப் பொறுத்தது, சார்," என்றேன். ஜெயசீலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டேன்.

தீர்மானம் அரை மணி நேரத்தில் நிறைவேறியது. வரிசைதான் மாமிசம். எதிலிருந்து செய்தாலும் சரி, மிருகத்தின் வரிசை இருந்தால் அது அசைவம். அதைக் கண்டுபிடிக்க வாசலிலும் ஒவ்வொரு வீட்டிலும் முகர்வான் பொருத்துவது. காற்றில் பறக்கும் துகளை இழுத்து, அதிலுள்ள புரதத்தின் வரிசையைப் படித்து, மிருகம் என்றால் அலறும் கருவி அது. ஒரே வீட்டில் மூன்று முறை அலறினால் இருபத்துநாலு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும்.

"ஆவியில வெந்தா வரிசை அழிஞ்சுடாதா?" என்று யாரோ கேட்டார்.

"சுருள்தான் கலையும். வரிசை அப்படியேதான் இருக்கும்," என்றேன். இதற்கு மட்டும் பதில் டாண் என்று வந்தது.

அப்போதுதான் ஒருவருக்குப் பாலின் நினைவு வந்தது. பாலில் இருப்பது பசுவின் புரதமாயிற்றே. பாலுக்கு விலக்கு. தயிர், நெய், பனீர், பால்கோவா எல்லாவற்றுக்கும் விலக்கு. தலைவரின் மனைவி பட்டுப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இதுவும் புழுவோட புரதம்னுதானே சொன்னீங்க?" என்றார். காஞ்சிப் பட்டுக்கு விலக்கு, ஆரணிப் பட்டுக்கு விலக்கு. தேனுக்கும் கோரோசனைக்கும் மிருதங்கத்துக்கும் வளர்ப்பு நாய்களுக்கும் விலக்கு. விலக்குப் பட்டியல் விதியைவிட நீளமாகிவிட்டது. அதில் சேராமல் மிச்சம் நின்றது ஜெயசீலியின் அடுப்பு ஒன்றுதான்.

முகர்வான் பொருத்திய முதல் நாள் காலை, நடைப்பயிற்சி முடித்துத் தலைவர் வாசலில் நுழைந்தார். அலறியது. பின்னால் வந்த செயலாளர் பட்டாபிக்கும் அலறியது. பால்காரர், பூக்காரம்மா, வாட்ச்மேன் ஏழுமலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அலறியது. மதியத்துக்குள் குடியிருப்பு முழுவதும் அசைவம் என்று நிரூபணமாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். "மனுஷனும் மிருகம்தானே சார். வேர்வை, தோல் தூசி எல்லாத்துலயும் புரதம் இருக்கு. மனுஷ வரிசைய கழிச்சிட்டு மத்ததுக்கு மட்டும் அடிக்கற மாதிரி வச்சுக்கலாம்."

"என் உடம்பும் ஆட்டு உடம்பும் அதுக்கு ஒண்ணாவா தெரியுது?" தலைவர் என்னிடம் கேட்டார்.

"ஆக்டின்னு ஒரு புரதம் இருக்கு சார், தசை நாரு. முன்னூத்தி எழுபத்தஞ்சு கண்ணி. உங்க தொடையில இருக்கறதும் ஆட்டுத்தொடையில இருக்கறதும் ஒரே வரிசை."

"முன்னூத்தி எழுபத்தஞ்சுமா?"

"ஒண்ணுகூட மாறாது. மத்த புரதங்கள்லதான் அங்கங்க வித்தியாசம்."

தலைவர் தன் தொடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பட்டாபி, இதைக் கூட்டக் குறிப்புல எழுத வேண்டாம்," என்றார்.

கழிப்பதற்கு ஒரு மாதிரி மனிதன் வேண்டும். குடியிருப்பில் உள்ள அனைவரின் சராசரியை எடுக்கலாம் என்றாள் இன்ஜினியர். "சராசரின்னா வாட்ச்மேனையும் சேர்த்தா? வேலைக்காரம்மாவையும் சேர்த்தா?" என்றார் பட்டாபி. சாத்விகாவின் அளவுகோல் சாத்விகமாக இருக்க வேண்டாமா? ஏழு தலைமுறை சுத்தம் என்று நிரூபிக்கக் கூடியவர் ஒருவர்தான். தலைவர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எச்சிலும், தொடையிலிருந்து கடுகளவு தசையும் எடுத்தார்கள். மூன்று நாள் அவர் தியாகியைப் போல நொண்டி நடந்தார். அவருடைய உடம்பின் புரதங்கள் அத்தனையும் கருவியில் 'சுத்தம்' என்று பதிவாயின.

மனிதருக்கு மனிதர் ஒரு கண்ணி, இரண்டு கண்ணி மாறத்தான் செய்யும். அதனால் தலைவரைத் தவிர பலருக்குக் கருவி முனகிக்கொண்டே இருந்தது. எனக்கும் ஒரு கண்ணி மாறியிருந்தது. பல்லாவரத்து பிரியாணிதான் எலும்பில் ஏறிவிட்டதோ என்று உயிர்வேதியியல் பேராசிரியரான நான் ஒரு முழு நாள் பயந்தேன். 'அனுமதிக்கப்பட்ட வேறுபாடு' என்று ஒரு பட்டியல் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி கூடி வாக்கெடுத்து அதில் பெயர் சேர்ப்பது என்று முடிவானது. தொழில்நுட்ப ஆலோசகர் என்பதால் எனக்கு முதல் கூட்டத்திலேயே பட்டியலில் இடம் கிடைத்தது. ஜெயசீலியையும் சேர்த்தார்கள், பெரிய மனதோடு. வெளியாட்களுக்கு நாலு மணி நேர விருந்தாளிச் சீட்டு.

அடுத்த வாரம் 3பியில் அலறியது. அதற்கடுத்த வாரமும் அலறியது. இரண்டாவது முறை அவள் குழம்பு வைக்கவே இல்லை. தொடுப்பானைக் கழுவி வெயிலில் வைத்திருந்தாள், அதில் ஒட்டியிருந்த துகளுக்கே அலறியது. அவள் முறையிட்டதும் தலைவர் நியாயவான் ஆனார். "சரிம்மா. கமிட்டி முன்னாடி அதே மிஷின்ல அதே குழம்ப வைங்க. அலாரம் அடிக்கலன்னா உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். அடிச்சா, அது மூணாவது."

மறுநாள் மாலை அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், இந்தக் குடியிருப்பு விதிய மீறக் கூடாதுன்னுதான் இந்த மிஷினையே வாங்கினேன். மெஸ்ஸுல போயி திங்கத் தெரியாமலா?" அவள் கண் ஒரு கணம் என் வாயில் நின்றது. பல்லாவரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "எந்தக் கண்ணியில மாட்டுதுன்னு மட்டும் எழுதிக் குடுங்க. நான் மாத்திக்கிடுதேன். ஆக்கிப் போட ஆளில்லாம, வயித்தத் தூக்கிட்டு நான் எந்தத் தெருவுல போயி வீடு தேட?"

உட்கார்ந்து எழுதினேன். ஆட்டின் வரிசை ஒரு பக்கம், கருவி கழிக்கும் வரிசை மறுபக்கம். மாறும் இடங்கள் நூற்றுச் சொச்சம்தான். பாதி எழுதும்போது கை நின்றது. நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எதிரில் அவள் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்காமல் மீதியையும் எழுதிக் கொடுத்தேன். இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பயம்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசனையில் துளி வித்தியாசம் இல்லை. கருவி வாயைத் திறக்கவில்லை.

"அடிக்கல சார்," என்றாள். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. கரண்டி கையில் அப்படியே நின்றது. "நானும் நர்ஸுதான். கொஞ்சம் யோசிச்சேன். அந்த மிஷினு கழிக்கிறது மனுஷன. ஆட்ட ஒவ்வொரு கண்ணியா மாத்தி, அது அடிக்காத எடத்துக்குக் கொண்டாந்துட்டோம். அப்ப இது யாரு சார்?"

நான் மேலே பார்த்தேன். தலைவர் வீடு நேர் மேலே, நான்காவது மாடி.

அவள் அடுப்பை அணைத்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "எனக்கு ஆட்டுக்கறிதான சார் திங்கணும்னு இருந்துச்சு. அந்த மனுஷன இல்ல."

"யாரும் சாகல, ஜெயசீலி. இது மக்காச்சோளம்தான்."

"அத அன்னைக்கு கூட்டத்துல சொல்லியிருக்கலாம்லா?"

குழம்புச் சட்டியை மூடி வைத்தேன். வெட்கமாக இருந்தது.

கமிட்டி வந்தது. அவள் குழம்பு வைத்தாள். ஏழு பேரும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. தலைவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "கருவியே சொல்லிடுச்சு, இனி என்ன? ஒரு கரண்டி ஊத்துங்கம்மா, பார்ப்போம்," என்றார். ஏழு தலைமுறை அடக்கி வைத்த ஆசை அந்தக் குரலில் இருந்தது.

"வேண்டாம் சார், காரம்," என்றாள் ஜெயசீலி.

"பரவால்லம்மா."

சாப்பிட்டார். கண்ணை மூடினார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மூன்றாம் முறை கிண்ணத்தை வழித்தார். "ரொம்பப் பாந்தமா இருக்கு. புதுசாவே தெரியல. ஏதோ நம்ம வீட்டுச் சாப்பாடு மாதிரி உடம்புல ஒட்டுது," என்றார். எனக்கு இருமல் வந்தது.

அவள் எவ்வளவோ தடுத்தும், பட்டாபி அந்தச் செய்முறையைத் தொடுப்பானிலிருந்து தன் கைபேசிக்கு மாற்றிக்கொண்டார். ஆண்டு விழாப் பந்தியில் 'சாத்விகக் குழம்பு' என்று பெயர் வைத்து அண்டா அண்டாவாகப் பரிமாறினார்கள். ஜனம் தலைவரை மொய்த்துக்கொண்டு பாராட்டியது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து செய்முறை கேட்டு வந்தார்கள். அன்று அந்தப் பந்தியில் சைவம் சாப்பிட்டவர்கள் இரண்டே பேர்: தயிர் சாதத்தோடு ஜெயசீலியும் நானும். இனி அவளுக்குப் பிரச்சினை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் மருத்துவமனையிலிருந்து விட்டார்கள். காலை பத்து மணி வாக்கில் அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெண் குழந்தை. வெள்ளைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் வாசலைத் தாண்டினாள். முகர்வான் அலறியது.

சத்தத்தில் குழந்தையும் அலறியது. இரண்டில் எது எது என்று தெரியாமல் ஏழுமலை ஓடி வந்தார். பட்டாபி பதிவேட்டோடு இறங்கினார், பின்னாலேயே தலைவர்.

"குழந்தைக்கு ஒரு கண்ணி மாறுது," என்றார் பட்டாபி திரையைப் பார்த்து. "பட்டியல்ல இல்ல."

"பொறந்து பன்னெண்டு நாள் சார். எப்படிப் பட்டியல்ல இருக்கும்?" என்றேன்.

"அடுத்த கமிட்டிக்கு ரெண்டு மாசம் இருக்கே. விருந்தாளின்னா சீட்டு போட்டுடலாம். இது இங்கயே தங்கப் போகுதே." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "3பிக்கு இது மூணாவது."

ஜெயசீலி என்னைத்தான் பார்த்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் மென்ற ஏலக்காய் எல்லாம் தொண்டையில் வந்து நின்றது.

"தலைவரே, நான் ஞாயித்துக்கிழமை பல்லாவரத்துல கறி திங்கறவன். அது கிடக்கட்டும். ஆண்டு விழாவுல எல்லாரும் சாப்பிட்டீங்களே ஒரு குழம்பு, அதுக்கு ஏன் அலாரம் அடிக்கல தெரியுமா? அது நீங்க. உங்க தொடையில எடுத்த வரிசை. கண்ணி தப்பாம நீங்கதான். நான்தான் எழுதிக் குடுத்தேன். உங்களை அள்ளி அள்ளித் தின்னா பச்சை விளக்கு. இந்தப் பச்சப்புள்ள வாசல்ல வந்தா அசைவமா?"

மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்த தலைகள் அப்படியே நின்றன. பட்டாபியின் முகம் வெளிறி, கை வயிற்றுக்குப் போனது. தலைவர் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் வாழ்நாளில் ஒரு முறை உண்மை சொன்னேன், அது வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

தலைவர் பாலம் கட்டியவர் அல்லவா, எதையும் தாங்க ஒரு தூண் தேடினார்.

"நான் ஏழு தலைமுறை சுத்த சைவம்," என்றார் மெல்ல. "இல்லையா?"

"ஆமாம்," என்றார் பட்டாபி.

"அப்ப என் உடம்பும் சைவம்."

"ஆமாம்."

"அப்ப அந்தக் குழம்பு சைவம்தானே, பேராசிரியரே?"

மாடிகளில் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவர் கைகூடத் தட்டினார். பட்டாபியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, 3பி என்று எழுதி, பேனாவை நிறுத்தினார். பிறகு குனிந்து, துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குட்டிக் காலில் மருத்துவமனை கட்டியிருந்த அட்டையைப் படித்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"அசைவம். மூணு கிலோ இருநூறு."

"இருநூத்தம்பது சார்," என்றாள் ஜெயசீலி, ஆட்டோவை நோக்கித் திரும்பி நடந்தபடி. "அது பொறந்தன்னைக்கு எடுத்த எடை. பன்னெண்டு நாள் பால் குடிச்சிருக்கால்லா."